மைனி எழுதிய ஒரு வரி

எனக்கு நாற்பத்தாறு வயதானபோது, அலுவலகத்தில் எல்லோரும் ரூபி படிக்க வேண்டும் என்றார்கள். ரூபி என்பது ஒரு கணினி மொழி. பம்பாய் செம்பூரில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் மசாலாப் பொட்டலங்களுக்கு லேபிள் அச்சிடுகிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கப்பலேறும் பொட்டலங்கள். அந்த லேபிள்களைத் தயாரிக்கும் மென்பொருள் ரூபியில் எழுதப்பட்டது. மேனேஜர் கூட்டம் போட்டு, மென்பொருள் புரியாதவர்களுக்கு இனிமேல் இங்கே என்ன வேலை இருக்கும் என்று தனக்குத் தெரியவில்லை என்றார். அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே தெரியாத முகத்தோடுதான் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

என் வேலை இதுதான். லேபிளில் பெரிதாக ஆங்கிலப் பெயர் இருக்கும், அதற்குக் கீழே சின்ன வரியில் தமிழ்ப் பெயர். சின்ன வரியில் பத்து எழுத்துக்கு மேல் போனால் மென்பொருள் மிச்சத்தை வெட்டிவிடும். வெட்டுவதும் ஒழுங்காக வெட்டாது. ‘மஞ்சள் தூள்’ என்று கொடுத்தால் கடைசிப் புள்ளியைத் தின்றுவிட்டு ‘மஞ்சள் தூள’ என்று வரும். ‘மிளகாய்த்தூள்’ என்பது ‘மிளகாய்த்த’ என்று நிற்கும். அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு லேபிளையும் பார்த்துக் கையால் சரிசெய்வேன். ஒன்பது வருஷமாகப் புரோகிராமர்கள் அதை எழுத்துருப் பிரச்சினை என்று சொன்னார்கள். ஒன்பது வருஷமாக நானும் நம்பினேன்.

கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பூக்கடைக்கு மேலே சனிக்கிழமை வகுப்பு நடந்தது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் மைனியைக் கூப்பிட்டேன். மைனி என் அண்ணன் மனைவி. தாராவியில் நாங்கள் ஒரே கட்டடம். நான் மூன்றாவது மாடி, மைனி ஐந்தாவது மாடி. அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் இருப்பான். மைனி பன்னிரண்டாவது வரை படித்தவள். நான் பி.காம்.

“நான் வந்து என்னத்தப் படிக்க?” என்றாள் மைனி.

“சும்மா பக்கத்துல உக்காருங்க மைனி. பேச்சுத் துணைக்கு.”

“பேச்சுத் துணைக்குன்னா வாரேன்.”

முதல் மாதத்திலேயே பேச்சுத் துணை தேவைப்பட்டது மைனிக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது.

இந்த மொழி கற்கும் எல்லோரும் செய்தாக வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒன்றிலிருந்து நூறு வரை அச்சிட வேண்டும். மூன்றால் வகுபடும் எண்ணுக்குப் பதில் ‘ஃபிஸ்’, ஐந்தால் வகுபட்டால் ‘பஸ்’, மூன்றாலும் ஐந்தாலும் வகுபட்டால் ‘ஃபிஸ்பஸ்’. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நான் நாற்பது வரி எழுதினேன். பதினைந்து வந்த இடத்தில் என் கணினி ‘ஃபிஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. மைனி எட்டிப் பார்த்தாள்.

“மூணால வகுபடுமான்னு நீ மொதல்ல கேக்க. அது ஆமான்னுட்டுப் போயிருது. பொறவு மிச்சத்த யாருகிட்ட கேப்ப? பதினஞ்ச மொதல்ல கேளு.”

கேட்டேன். சரியாக வந்தது. மைனியின் திரையில் அது ஏற்கெனவே வந்திருந்தது, எட்டு வரியில்.

ரூபியில் எல்லாமே ஒரு பொருள் என்றார் ஆசிரியர். எண்ணும் பொருள், சொல்லும் பொருள். நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அந்தப் பொருளிடமே கேட்க வேண்டும். அவர் முப்பது வயது மராட்டிக்காரர், கோவண்டியிலிருந்து வருவார், பொறுமைசாலி. காரையும் நாயையும் உதாரணம் காட்டி விளக்கினார். எனக்குக் காரும் நாயும் புரிந்தன. மைனி சுருக்கமாகச் சொன்னாள்: “சொல்லுகிட்டயே ‘திரும்பு’ன்னா அதுவே திரும்பிக்கிடும். நாம எதுக்குப் போட்டு உருட்டணும்?”

எனக்கு அதிகம் வந்த பிழை ‘நில்’. இல்லாத ஒன்றிடம் எதையாவது கேட்டால், அது நில், ஒன்றுமில்லை, அதனிடம் கேட்க முடியாது என்று கணினி ஆங்கிலத்தில் சொல்லும். மைனி அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டாள். “நில்லுன்னு சொல்லுதுல்லா? நின்னு யோசி” என்பாள். அந்த அறிவுரையில் குறை சொல்ல இடமில்லை.

ஆறாவது வாரம் பாலிண்ட்ரோம் வந்தது. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் சொல். சொல்லைத் திருப்பிப் பார்த்து, பழையதும் புதியதும் ஒன்றா என்று கேட்டால் போதும். ‘மேடம்’ என்று ஆங்கிலத்தில் கொடுத்தோம், ஆமாம் என்றது. உங்களுக்குப் பிடித்த எந்தச் சொல்லையும் போட்டுப் பாருங்கள் என்றார் ஆசிரியர். மைனி தமிழில் ‘விகடகவி’ என்று தட்டினாள்.

இல்லை என்றது கணினி.

மைனி மறுபடி தட்டினாள். மறுபடியும் இல்லை. ஆசிரியர் வந்து மைனியின் நிரலை வரிவரியாகப் பார்த்தார்.

“ஆன்ட்டி, கோட் சரியாக இருக்கிறது. இந்தச் சொல்தான் பாலிண்ட்ரோம் இல்லை” என்றார் இந்தியில்.

“எங்க பள்ளிக்கூடத்துல டீச்சர் சொல்லிக் குடுத்த சொல்லு சார் இது” என்றாள் மைனி, பாதி இந்தியிலும் பாதி நெல்லைத் தமிழிலும்.

ஆசிரியர் வகுப்பைப் பார்த்து, தமிழ் தெரிந்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். மாட்டுங்காக்காரர் ஒருவர் கை தூக்கினார். வங்கியில் வேலை, எங்கள் வயதுதான் இருக்கும். எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைக் கிட்டத்தில் பார்த்தார்.

“எனக்குப் பேசத்தான் வரும், வாசிக்கத் தெரியாது” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா ரெண்டு ஓரத்துலயும் ஒரே மாதிரி படம்தான் இருக்கு” என்றார்.

சாட்சி இவ்வளவுதான். ஆசிரியர் மரியாதையாக அடுத்த கணக்குக்குப் போனார். மைனி போகவில்லை. திருப்பிய சொல்லைத் திரையில் வரவழைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, இங்கன பாரு. கொக்கி எடம் மாறிக் கெடக்கு.”

பார்த்தேன். ‘வி’யின் மேலிருக்க வேண்டிய கொக்கி ‘க’ மேல் போய் உட்கார்ந்திருந்தது. இன்னொரு கொக்கி சொல்லுக்கு முன்னால், புள்ளி புள்ளியான ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றது. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து வரிக்கு ஒன்றாக அச்சிடச் சொன்னாள் மைனி. ஐந்து வரி வர வேண்டும். ஏழு வந்தது. கணினிக்கு ‘வி’ ஓர் எழுத்து இல்லை. ‘வ’ தனி, கொக்கி தனி. இரண்டையும் அது வெவ்வேறாக எண்ணிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் முழுக்க மைனி ஒரு காரியம் செய்தாள். ஒரு சொல்லிடம் ‘உனக்கு என்னென்ன செய்யத் தெரியும்’ என்று ரூபியில் கேட்டால், அது தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுக்கும். பெரிய பட்டியல். நானும் பார்த்திருக்கிறேன், உடனே மூடியிருக்கிறேன். மைனி மதியச் சமையல் முடிந்ததும் வீட்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, பென்சிலோடு ஒவ்வொன்றாகச் சோதித்தாள். வெள்ளிக்கிழமை, கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் எழுத்தாகவே பிரிக்கும் கட்டளை அகப்பட்டது. அதைக் கொண்டு ஒரே ஒரு வரி எழுதினாள். சனிக்கிழமை ‘விகடகவி’ சரி என்று வந்தது. ஆசிரியர் மைனியிடம் மன்னிப்புக் கேட்டார். மைனி, “பரவாயில்ல சார், கம்ப்யூட்டர் சொன்னா யாருதான் நம்ப மாட்டாவ” என்றாள். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஆசிரியர் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார். உங்கள் வேலையிடத்தில் இருக்கும் ஒரு சிக்கலை எடுத்து, ரூபியில் தீர்த்துக்கொண்டு வர வேண்டும்.

எனக்கு லேபிள்கள் ஞாபகம் வந்தன. மிளகாய்த்தூளுக்கு நம் கணக்கில் ஏழு எழுத்துத்தான். கணினியின் கணக்கில் பதின்மூன்று. அதனால்தான் வெட்டியிருக்கிறது. மைனியின் நோட்டிலிருந்து அந்த வரியைப் பார்த்து எழுதி, என் கோப்பில் சேர்த்து, திங்கட்கிழமை புரோகிராமர் ஒருவரிடம் காட்டினேன். அவர் அதை மென்பொருளில் போட்டார். அன்று மதியம் அச்சான லேபிள்களில் தூள் தூளாகவே வந்தது, புள்ளியோடு.

மேனேஜர் கூட்டம் போட்டார். ஒன்பது வருஷப் பிரச்சினையை ஒரு கிளார்க் தீர்த்துவிட்டார் என்று சொல்லிக் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நான் எழுந்து நின்று கைகூப்பினேன். மைனியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் இதை விவரமாகச் சொன்னேன், கைதட்டலையும் விடாமல். மைனி பக்கத்தில்தான் இருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்.

“அந்த வரிய யாரு எழுதுனதுன்னு ஆபீஸ்ல கேட்டாவளா?”

“கேக்கல மைனி.”

“கேக்கலன்னா சொல்லக் கூடாதோ?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒன்றுமில்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் நாங்கள் ஒரே கட்டடத்திலிருந்து இறங்கி, ஒரே நிறுத்தத்தில் நின்று, ஒரே பஸ்ஸில் ஏறி, வேறு வேறு இருக்கைகளில் உட்கார்ந்து போனோம். வகுப்பில் மைனி மூன்று வரிசை முன்னால் போய்விட்டாள். மீன் குழம்பு மட்டும் வழக்கம்போல் வந்தது. டப்பாவைக் கதவுக்கு வெளியே வைத்து, மணியை அடித்துவிட்டு, நான் திறப்பதற்குள் படியேறிவிடுவாள்.

அலுவலகத்திலும் ஒன்று நடந்திருந்தது. லேபிள்கள் தாமே சரியாக வந்ததால் எனக்குத் திருத்த எதுவும் இல்லை. காலையில் போய் உட்கார்ந்து, சரியாக இருக்கும் லேபிள்களைச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்தேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் படிக்கப் போனவள், படித்ததைக் கொண்டு என் வேலையை நானே ஒழித்திருந்தேன். அதுவும் இன்னொருத்தி எழுதிய வரியால்.

மூன்றாவது வாரம், அந்த வரி எப்படி வேலை செய்கிறது என்று புரோகிராமர்களுக்கு விளக்கச் சொன்னார் மேனேஜர். நான்கு பேர் நோட்டோடு வந்தார்கள். கொக்கி வரைக்கும் விளக்கிவிட்டேன். ஒருவர் கேட்டார், மலையாளத்தில் கூட்டெழுத்து வருமே, அங்கே எப்படி? எனக்குத் தெரியவில்லை. நின்றேன்.

“இதை நான் எழுதவில்லை. என் பாபி எழுதினார்” என்று இந்தியில் சொன்னேன். மைனிக்கு இந்தியில் பாபி.

ஒருவர் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

“உங்கள் பாபி எந்தக் கம்பெனி?” என்றார் மேனேஜர்.

“வீட்டில் இருக்கிறார்.”

“சரி, வீட்டிலிருந்து எந்தக் கம்பெனிக்கு?”

“எந்தக் கம்பெனிக்கும் இல்லை சார். வீட்டில்தான் இருக்கிறார்.”

அதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, “அவருக்கு மலையாளத்துக்கும் செய்யத் தெரியுமா?” என்பதைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் நேராக ஐந்தாவது மாடிக்கு ஏறினேன். மைனி கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன் மைனி. இன்னைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“என்னன்னு சொன்ன?”

“பாபிதான் எழுதுனாவன்னு.”

“பம்பாய் பூரா பாபிதாம்ளா. பேரச் சொன்னியா?”

“பேரு… கேக்கல மைனி.”

மைனி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு படி இறங்கிவிட்டேன்.

“நாளைக்குச் சொல்லிருதேன்” என்றேன்.

மறுநாள் காலை பையைக்கூட வைக்காமல் மேனேஜர் அறைக்குப் போய் மைனியின் முழுப் பெயரைச் சொன்னேன். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டியும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். சாயங்காலம் மைனி, “உள்ள வா, காப்பி போடுதேன்” என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

பத்து நாள் கழித்து, மேனேஜர் கூப்பிட்டதன் பேரில் மைனி செம்பூர் வந்தாள். கல்யாணத்துக்குப் போகும் சேலை கட்டியிருந்தாள், கையில் பென்சில் நோட்டு. வெள்ளைப் பலகையில் பெரிதாக ஒரு ‘வ’ போட்டு, அதற்கு மேல் கொக்கியை வேறு நிறத்தில் போட்டாள். “யே தோ அகேலா நஹி ரஹ் சக்தா” என்றாள், அதாவது, இதனால் தனியாக இருக்க முடியாது. மலையாளக் கேள்விக்குத் தனக்குத் தெரியாது என்று நேராகச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கொடுங்கள், அதனிடமே கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். நான்கு பேரும் எழுதிக்கொண்டார்கள். நான் கடைசி நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பெருமை கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன்.

இப்போது மைனி செவ்வாயும் வியாழனும் வருகிறாள். தமிழ், மலையாளம், தெலுங்கு லேபிள்களை அச்சுக்கு முன் சோதிக்கும் வேலை. கப்பலிலிருந்து அண்ணன் கூப்பிட்டு, அப்படி என்ன வேலை என்று கேட்டான். “கொக்கி மாட்டுத வேல” என்றாள். அவன் தையல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், யாரும் திருத்தவில்லை. என் வேலை போகவில்லை. வாங்குபவர்களிடமிருந்து வரும் புகார்களைப் பதிவுசெய்யும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். ரூபி வகுப்பின் முடிவில் வைத்த தேர்வில் நானும் தேறினேன். மைனி எடுத்த மதிப்பெண்ணை இங்கே எழுதப் போவதில்லை.

போன வாரம் மைனி என் மேசைக்கு வந்து, அலுவலகத்தில் லீவு கேட்கும் படிவத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டாள். மூன்று பக்கப் படிவம். இருபது வருஷமாக நிரப்பிவருகிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டமாகப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.