மூக்குத்தியைத் துடைத்த கேமரா

என் வேலை குறை சொல்வது. அதற்கு மாதாமாதம் சம்பளமும் தருகிறார்கள். புனேயில் ஒரு சின்ன கம்பெனி மொபைல் கேமராவுக்கான ஆப் ஒன்றைச் செய்கிறது. அது வெளியே போவதற்கு முன் ஊரெல்லாம் எடுத்துக்கொண்டு அலைந்து, படம் எடுத்துப் பார்த்து, எங்கே சொதப்புகிறது என்று எழுதிக் கொடுப்பவள் நான். சாம்பாரில் ஒரு கல் உப்பு கூடினால்கூட வாயை மூடிக்கொண்டு சாப்பிடத் தெரியாத எனக்கு ஏற்ற உத்தியோகம்தான் கிடைத்திருக்கிறது என்று அம்மா சொல்வாள்.

இந்த ஆப்பில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அது ஒரு படம் மட்டும் எடுப்பதில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் எட்டு பத்துப் படங்கள் எடுத்துவிடும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டை வெளிச்சமாக்கி, கை ஆடியதைச் சரிசெய்து, மணல் தூவினாற்போல் தெரியும் புள்ளிகளையெல்லாம் துடைத்து, கடைசியில் ஒரே படமாக நம் கையில் கொடுக்கும். முகம் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் அக்கறை எடுத்துக்கொண்டு பரு, தழும்பு, வேண்டாத மினுக்கம் எல்லாவற்றையும் நீக்கிவிடும். இதையெல்லாம் அது யாரையும் கேட்டுச் செய்வதில்லை.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். விஷ்ராந்த்வாடியில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து கிளம்பினால் கட்கி பஜார், தாபோடி பாலம், லோக்கல் ரயில் நிற்கும் ஸ்டேஷன் என்று சுற்றுவேன். வடை பொரியும் சட்டியின் புகை, பாத்திரக் கடையில் அடுக்கி வைத்த எவர்சில்வர் டப்பாக்கள், மழையில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வரும் பஸ், இவை மூன்றும் எந்தக் கேமராவையும் திணறடிக்கும். அது திணறுவதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வரும். சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் தேடி, குறிப்பு எழுதுவேன். என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று ஆபீஸில் பெயர்.

இனி அம்மாவின் மூக்குத்திக்கு வருகிறேன். அப்பா கட்கியில் ஃபாக்டரி வேலை பார்த்து, ரிட்டயர் ஆகி, இரண்டு வருஷம் முன்பு போய்விட்டார். காரியத்துக்கு வேலூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சொன்னபடி அம்மா தாலியைக் கழற்றினாள், மெட்டியைக் கழற்றினாள். வலது மூக்கிலிருந்த ஒற்றைக்கல் மூக்குத்தியில் மட்டும் யாரையும் கை வைக்க விடவில்லை.

"இது எங்க அம்மா குத்திவுட்டது. அப்ப எனக்கு ஏழு வயசு. உங்க தம்பி அப்ப எங்க இருந்தாரு, அண்ணி?" என்று அப்பாவின் அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

அத்தை அதை மறக்கவில்லை. அவளும் புருஷனை இழந்தவள்தான், அதுவும் சின்ன வயதில். யாரும் இரண்டாம் தடவை சொல்வதற்குள் தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தவள். ஞாயிறு தவறாமல் போன் செய்து நலம் விசாரிப்பாள். கடைசியில், "ஊர்ல கேக்கறாங்கம்மா, நான் எடுக்கலயா?" என்று முடிப்பாள். அம்மா அதற்குப் பதில் சொல்லாமல் மாவு அரைக்க வேண்டும் என்பாள். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் மாவு அரைத்தோம்.

ஒரு சாயங்காலம் அம்மா பால்கனியில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முகம் இருட்டில், தலைமுடி ஓரமெல்லாம் வெளிச்சம். கேமராவுக்கு இதைவிடக் கஷ்டமான இடம் கிடையாது. அன்றுதான் புதிய சோதனைப் பதிப்பு வந்திருந்தது. "ம்மா, இப்படித் திரும்பு" என்றேன். அவள் திரும்பி, எதற்கோ சிரித்தாள். படம் அருமையாக வந்தது. வெயிலும் இருந்தது, அம்மாவின் முகமும் பளிச்சென்று இருந்தது. அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் படம் எடுத்ததில்லை. சந்தோஷத்தில் அப்படியே குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் அத்தையின் குரல் வந்தது. அம்மா அதைச் சத்தமாக வைத்துக் கேட்டாள்.

"இப்பதாம்மா எனக்கு நிம்மதி. எவ்ளோ லட்சணமா இருக்குது பாரு. எடுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சரி, அடுத்த மாசம் பேத்திய அங்க வேலைல சேக்க வரேன். நேர்ல பேசிக்கலாம்."

அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அம்மா கை தானாக மூக்குக்குப் போனது. மூக்குத்தி இருந்தது. நான் படத்தைப் பெரிதாக்கினேன். மூக்கு வழவழவென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது.

எனக்கு அவமானமாகிவிட்டது. யார் யாரோ வீட்டுப் பாத்திரத்தின் மினுக்கத்தையெல்லாம் தேடித் தேடிப் பார்ப்பவள், பெற்றவளின் முகத்தைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

"வேற படம் எடுத்துப் போட்டுடலாம்மா" என்றேன்.

"வேற படம் போட்டா, இவ எடுத்துட்டு அப்பறம் வெக்கமில்லாம திரும்பப் போட்டுக்கினாம்பாங்க. எடுக்கவே இல்லன்னு தெரியணும். அதே படம், அதே சிரிப்பு, அதுல என் மூக்குத்தி இருக்கணும். அண்ணி வர்றதுக்குள்ள பண்ணு. கெடுத்தது உன் கேமராதானே?"

சோதனைப் பதிப்பில் ஒரு வசதி உண்டு. எடுத்த எட்டு பத்துப் படங்களும் துடைக்கப்படாமல் அப்படியே உள்ளே இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பின்வெயிலில் முகம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. மூக்குத்தி இருந்தது, அம்மா இல்லை. ஆக, ஆப்பைத் திருத்தி, அதே படங்களை மறுபடி அதற்குள் செலுத்தி எடுப்பதுதான் ஒரே வழி.

மறுநாள் ஆபீஸில் கோபத்தோடு எழுதினேன். எப்போது எடுத்தது, எந்த வெளிச்சம் என்று எதையும் ஒழுங்காகக் குறிப்பிடாமல், மூக்குத்தியை அழிப்பது அராஜகம் என்றெல்லாம் எழுதிவிட்டேன். மற்ற டெஸ்டர்கள் இப்படி எழுதினால் நானே திருப்பி அனுப்புவேன். முகத்தைத் துடைக்கும் பகுதியைச் செய்தவள் ஒரு மராத்திப் பெண், நல்லவள், மூக்கில் சின்னக் கல் போட்டிருப்பாள். அவள் ஆபீஸ் பால்கனிக் கதவருகே தானே நின்று, என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். அவள் மூக்குத்தி ஜம்மென்று இருந்தது. ஐந்து முறை எடுத்தேன், ஐந்திலும் இருந்தது.

"இந்தக் கோளாறு இங்கே வரவில்லையே" என்று இந்தியில் சொல்லிவிட்டு, என் புகாரை மூடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவை அதே இடத்தில் உட்கார வைத்து எடுத்தேன். மூக்குத்தி இல்லை. கூடத்தில் எடுத்தேன், இல்லை. அடுப்படியில், இல்லை. நாலு நாள் இதே வேலை. ஐந்தாம் நாள் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, கையை நீட்டி, தன்னைத் தானே ஒரு செல்ஃபி எடுத்தாள்.

"இதோ இருக்குது பாரு. நான் எடுத்தா இருக்குது, நீ எடுத்தா இல்ல. கோளாறு உன் கைலதான்டி."

இருந்தது. கல் மின்னியது. அம்மாவை இன்னும் நான்கு செல்ஃபி எடுக்கச் சொன்னேன். நான்கிலும் இருந்தது. எனக்கு மண்டை வெடித்தது. பிறகு அம்மாவின் செல்ஃபியையும் நான் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எங்கள் ஆப்பில் முன் கேமரா படத்தைக் கண்ணாடி மாதிரி இடம் வலமாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் துடைக்கவே தொடங்கும். செல்ஃபியில் அம்மாவின் மூக்குத்தி இடது மூக்கில் இருப்பதுபோல் தெரிந்தது.

மறுநாள் எட்டரைக்கே ஆபீஸ் வாசலில் நின்றேன். அந்த மராத்திப் பெண் வந்து பையைக்கூட வைக்கவில்லை. அவளுடைய பழைய படம் ஒன்றின் துடைக்காத பிரதியை இடம் வலமாகத் திருப்பி, ஆப்புக்குள் போடச் சொன்னேன். போட்டாள். திரையில் அவள் முகம் வந்தது. மூக்கு வழவழவென்று இருந்தது. அவள் கையும் அம்மாவின் கையைப் போலவே தானாக மூக்குக்குப் போனது.

நடந்தது இதுதான். எது மூக்குத்தி, எது பரு என்று ஆப்புக்குக் கற்றுக்கொடுக்க, ஆபீஸ்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் படம் கொடுத்திருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் இடது மூக்கில் குத்திக்கொள்கிறவர்கள். எங்கள் பெண்களோ வலது மூக்கில். இடது பக்கம் மின்னினால் நகை, வலது பக்கம் மின்னினால் அழுக்கு என்று அது முடிவு செய்திருந்தது. ஆபீஸில் இருந்த ஒரே தமிழச்சி நான். மூக்கு குத்த அழைத்துப் போனபோது தட்டான் கடையிலிருந்து ஓடி வந்தவள். என் மூக்கில் துளையே இல்லை.

மேலாளருக்கு இது சின்ன விஷயமாகப் பட்டது. வெளியிடும் நாள் நெருங்குகிறது, அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த மராத்திப் பெண்தான் விடவில்லை. திருப்பிய தன் படத்தை அவர் முன்னால் வைத்து, "இது நான்தானா?" என்று கேட்டாள். வலது மூக்குப் படங்கள் வேண்டும், அதுவும் நிறைய வேண்டும் என்று என்னிடம் சொன்னாள்.

அதற்கு அம்மா இருந்தாள். கட்கியில் எங்கள் பழைய தமிழ் ஜனங்கள் இருக்கும் சந்துகளில் அவளுக்குத் தெரியாத வீடு இல்லை. இரண்டு சனி ஞாயிறு நானும் அவளும் வீடு வீடாகப் போனோம். "எங்க மூக்க எடுத்துகினு போயி இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, முகம் கழுவி வந்து உட்கார்ந்தார்கள். ஒற்றைக்கல், ஏழுகல், இரண்டு மூக்கிலும் போட்டவர்கள், வெறும் ஈர்க்குச்சி மட்டும் செருகியிருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண். ஒவ்வொரு வீட்டிலும் சாய், ஒரு வீட்டில் அவல் போஹா, ஒரு வீட்டில் இட்லி. அந்த நான்கு நாட்களைப் போல் நான் சந்தோஷமாக வேலை பார்த்ததில்லை. அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்துபோனாள்.

திருத்திய பதிப்பு வந்ததும், அந்த முதல் சாயங்காலத்தின் படங்களை மறுபடி அதற்குள் செலுத்தினேன். அதே வெயில், அதே கீரை, அதே சிரிப்பு, மூக்கில் அந்தக் கல். அம்மா வெகுநேரம் பார்த்தாள். தன் போனிலிருந்து தானே குரூப்பில் போட்டாள். கேமரா தப்பாக எடுத்தது, நான் கழற்றவில்லை என்று கீழே ஒரு வரி. அதற்குக் கைகூப்பு ஒன்றும் வரவில்லை. அத்தை பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக்குறி மட்டும் வந்தது.

அடுத்த வாரம் அத்தை பேத்தியோடு வந்து இறங்கினாள். வந்ததும் அம்மாவின் மூக்கைத்தான் பார்த்தாள். பேத்தியை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"போன்ல படத்த இன்னா வேணா பண்ணலாம். நேர்ல பாத்தாதான் நம்பலாம்னு வந்தேன்" என்றாள்.

"நம்பிட்டீங்களா, அண்ணி?" என்றாள் அம்மா.

அத்தை சிரித்துவிட்டாள். அந்த நேரத்தில் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கினாள். முதலில் அம்மாவின் மூக்கைப் பார்த்தாள். பிறகு தன் முகத்துக்கு நகர்த்தினாள். அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இது இன்னா கண்ணு, கறுப்பா?"

அவளுடைய வலது மூக்கில் கடுகளவுக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. திருத்திய பதிப்பு அதைத் துடைக்காமல் விட்டிருந்தது. அத்தை திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். அது போகவில்லை. பிறகு அந்த விரலையே மெல்லத் தன் மூக்கில் வைத்துத் தடவினாள்.

"ஓட்டை தூந்து போயிருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

அம்மா ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தாள். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் இவளை நான் மனசுக்குள் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"பழைய பதிப்பு என்கிட்ட இருக்கு, அத்தை. அதுல போட்டா இது தெரியாம போயிடும். அழிச்சிடவா?" என்றேன்.

அத்தை போனை என்னிடம் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள்.

"வேணாம். இருக்கட்டும். இப்படியே குரூப்ல போடு" என்றாள்.