கப்பல் ஹாரன் கேட்கிறதே, பிறகென்ன?

புது வருடம் பிறக்கிற நேரத்தில் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் ஒன்றாக ஹாரன் அடிக்கும். ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அது நெஞ்சுக்குள் அதிரும். ஒரு புத்தாண்டில் ஹாரன் ஓய்ந்த பிறகு என் மகள் ஜெனி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. என் மனைவி ஸ்டெல்லா சிரித்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல நைனா."

அந்த ‘ஒண்ணுமில்ல’தான் என் நோயின் முதல் அறிகுறி. அப்போது அது தெரியவில்லை. என்னைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ கேட்டதையே திரும்பக் கேட்டு, பிறகு கோபப்படுகிறார்களா? அப்படியென்றால் இது உங்களுக்காக எழுதியது. நான் பத்தாவது வரை படித்தவன். டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. நசுங்கி வரும் பெட்டிகளைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்த வேண்டும். அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவோம்; அதனால் குறை தெரியவில்லை. வீட்டில்தான் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசினார்கள். நான் நுழைந்தால் பேச்சு நின்றது. வேண்டுமென்றே குரலைத் தாழ்த்துகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். காதை டாக்டரிடம் காட்டு என்று ஸ்டெல்லா சொன்னால் என்னிடம் ஒரே பதில்தான்.

"கப்பல் ஹாரன் கேக்குது. நீ பேசுறது மட்டும் கேக்கல. அப்ப கோளாறு யாராண்ட கீது?"

அடுத்த டிசம்பரில் யார்டில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்பக்கமாக என்மேல் வந்தது. பின்னால் வரும்போது அது கீச்கீச்சென்று சத்தம் போடுமாம். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கூட வேலை செய்பவர் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன். அதற்குப் பிறகு ஸ்டெல்லா என் பேச்சைக் கேட்கவில்லை. அரசு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

ஒலி புகாத சின்ன அறையில் உட்காரவைத்து ஆடியோகிராம் (எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். பாதி நேரம் ஒன்றும் கேட்கவில்லை. சத்தமே அனுப்பாமல் என்னைச் சோதிக்கிறார்களோ என்று கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடமும் ஹாரன் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"ஹாரன் கனமான சத்தம், அது கேட்கும். குக்கர் விசில் கேட்குதா?"

"எங்க வூட்டு குக்கர் விசில் அடிக்காது மேடம். ரிப்பேரு."

"அது தெனம் அடிக்குதுயா," என்றாள் ஸ்டெல்லா. "தெருவுக்கே கேக்குது."

எனக்கு வந்திருப்பது இரைச்சல்வழிச் செவிக்குறைவு (பல வருடம் பெரிய சத்தத்தில் இருந்ததால் உள்காதின் நுண்ணிய செல்கள் செத்துப்போவது). முதலில் கூர்மையான ஒலிகள் போகுமாம்: விசில், சின்னப் பிள்ளைகள் குரல், பேச்சில் சில எழுத்துகள். செத்தது திரும்பாது. மிச்சம் இருப்பதை வைத்துக் கேட்க ஒரு மெஷின் கொடுத்தார்கள்; யார்டில் காதுக்குக் கட்டாயம் மூடி போடச் சொன்னார்கள்.

மெஷினைப் புது வருடத்திலிருந்து போட்டுக்கொள்கிறேன் என்றேன். வீட்டில் நல்ல நாள் பார்ப்பதாக நினைத்தார்கள். உண்மையில் பயம். என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்க ஆசை இருந்தது. ஆனால் சந்தேகம் என்றால் பொய்யாகவும் இருக்கலாம். காதால் கேட்டுவிட்டால் பிறகு தப்பிக்க இடமில்லை.

சர்ச்சில் புத்தாண்டுக் காலைப் பூசைக்கு அதை மாட்டிக்கொண்டு போனேன். நாற்காலி இழுபடுவது, பின்வரிசை இருமல், என் செருப்பு எல்லாம் தலைக்குள் நடந்தன. இவை நிஜச் சத்தமா, மெஷின் கிளப்புகிற சத்தமா என்று அதையும் நம்பவில்லை.

சில வாரம் போனது. ஒரு ஞாயிறு மதியம், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சமையலறைப் பேச்சு விட்டுவிட்டு வந்தது.

"கேரம்ல ஜெயிச்சத நைனாவாண்ட சொன்னியாடி?"

"வேணாம்மா. பாதி கேட்டுகினு மீதிய அவரே இட்டுக்கட்டிக்குவாரு. அப்பறம் சண்ட. இன்னொரு நாள் சொல்லிக்கலாம்."

மறைக்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது. ஆனால் மறைத்தது இதை. ஜெனி ஜெயித்ததை, என் சத்தத்துக்குப் பயந்து.

சுவரைப் பார்த்தபடியே கேட்டேன். "யாரைடி ஜெயிச்ச?"

சமையலறையிலிருந்தே ஜெனி, சோதிப்பதுபோல ரொம்ப மெதுவாக:

"பேட்டரி தீந்துச்சுன்னியே நைனா?"

"பொய்."

அவள் வந்து கட்டிலில் உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் சொன்னாள். சில இடம் கேட்கவில்லை. ‘கேக்கல, திரும்பச் சொல்லு’ என்றேன். அதற்கு முன்னால் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போதும் ஒருவர் பேசினால் குரல் முதலில் வருகிறது. அர்த்தம் சற்றுப் பின்னால் வருகிறது. அந்த இடைவெளியில் முன்பு நானே எதையாவது இட்டு நிரப்புவேன். இப்போது அர்த்தம் வரும்வரை பொறுத்திருக்கப் பழகுகிறேன். காதுக்கு என்னைவிட வயது கூடிவிட்டது. அதன் நடைக்கு நான்தான் நடக்க வேண்டும்.

நீங்கள் கத்த வேண்டாம் பிள்ளைகளே. எதிரில் நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ‘ஒண்ணுமில்ல’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதை எழுதும்போது குக்கர் விசில் அடிக்கிறது. எங்கள் வீட்டுடையதுதானா, பக்கத்து வீட்டுடையதா என்று இன்னும் எனக்குச் சந்தேகம். ஜெனியைக் கேட்கப் போகிறேன்.