பத்து மதிப்பெண் வேலைநிறுத்தம்

நூல் மில்லில் அவளை எல்லோரும் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் நடத்தியவள் இல்லை. நாற்பத்தாறு வயதில், சாப்பாட்டு இடைவேளையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தால் வேறென்ன பெயர் கிடைக்கும்? இருபத்திரண்டு வருஷமாக இயந்திரத்தின் முன்னால் நின்று நின்று முழங்கால் போய்விட்டது. மேற்பார்வையாளர் ஆனால் நாற்காலி உண்டு. அந்த நாற்காலிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். மில்லின் விதி அப்படி.

மற்ற பாடங்களைத் தனித்தேர்வராக எழுதி ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். வரலாறுதான் காலை வாரியது. நடந்து முடிந்த சங்கதிதானே, இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்து அவளாகத்தான் அதை எடுத்தாள். முதல் தடவை முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தால், ஒரு பத்து மதிப்பெண் கேள்விக்கு இரண்டே இரண்டு போட்டிருந்தார்கள்.

கேள்வி அவளுடைய மில்லைப் பற்றியது. பதினேழு வருஷத்துக்கு முன் அங்கே நடந்த வேலைநிறுத்தம் பாடப்புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஏறியிருந்தது. மூன்று நாள் நடந்து அமைதியாக முடிந்தது என்றது புத்தகம். மில் வாசலில் பதினொரு நாள் உட்கார்ந்தவள் அவள். அதனால் பதினொன்று என்று எழுதினாள். திருத்தியவர் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'பாடத்தை ஊன்றிப் படிக்கவும்' என்று புத்திமதியும் சொல்லியிருந்தார். என்ன தைரியம் பாருங்கள்!

இரண்டாம் தடவையும் பதினொன்று என்றே எழுதினாள். முப்பத்திரண்டு கிடைத்தது. முன்னேற்றம்தான்.

அதற்குள் மேற்பார்வையாளர் ஓய்வுபெறும் நாள் நெருங்கிவிட்டது. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் நாற்காலி வேறொருத்திக்குப் போய்விடும். பஸ் ஓட்டும் வீட்டுக்காரர் ஒரு வாரமாக நச்சரித்தார்.

"மூணுன்னு எழுதிட்டு வாயேன். கை தேஞ்சா போயிடும்?"

"மூணு நாள்ல முடிஞ்சிருந்தா, ஒன்பதாம் நாள் அக்கா வாசல்ல எதுக்குங்க உக்காந்திருந்தா?"

ஒன்பதாம் நாள் மில் லாரி கூட்டத்துக்குள் புகுந்ததில் செத்தது அவள் கூடப்பிறந்த அக்கா. அக்காவின் ஒரு வயதுக் குழந்தையை அன்றைக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவள், இன்றுவரை தன் வீட்டில்தான் வளர்க்கிறாள்.

மூன்றாம் தடவையும் அதே கேள்வி வந்தது. கேள்வி எடுப்பவருக்கு அதன்மேல் அப்படி என்ன பாசமோ. கடைசிப் பத்து நிமிஷம் வரை அதைத் தொடாமல் இருந்தாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. பிறகு, மூன்று நாள் நடந்து அமைதியாக முடிந்தது என்று எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

நாற்பத்தொன்று. நாற்காலி வந்தது. மில் பெண்கள் அவளை உட்காரவைத்து, எழுப்பி, மறுபடி உட்காரவைத்துக் கேலி செய்தார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் பன்னிரண்டாம் வகுப்பு. அதே பாடம், அதே புத்தகம்.

"சித்தி, அந்தப் பத்து மார்க் கேள்விக்கு இந்தத் தடவை என்ன எழுதினீங்க?"

வாத்தியாரம்மாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

"மூணு நாள்னு எழுதினேன்டி."

தன் அம்மா செத்த கதையைச் சித்தி வாயால் கேட்டே வளர்ந்தவள் அந்தப் பெண். நோட்டைத் திறந்து, மூன்று நாள் என்று எழுதிக்கொண்டாள்.