இத்தா அறையில் எடுத்த படம்

மருதமுனைக் காலிதீனுக்குத் தொழில் கல்முனைச் சாரக் கடையில். கை இடுப்பில் கட்டும் சாரத்தை மடிக்கும். மனம் எந்நேரமும் படமெடுப்பதிலேயே கிடக்கும். எண்பத்திரண்டில், படம் நெறியாள ஆசைப்பட்டவர்களுக்குக் கல்முனையில் ஞாயிறுதோறும் பட்டறை நடத்தக் கொழும்பிலிருந்து சீனித்தம்பி மாஸ்டர் வந்தார். கேள்விப்பட்ட அன்றே காலிதீன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மாஸ்டரிடம் ஒரு சின்னக் கமரா. ஆளுக்கொரு வாரம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

"கதை வசனம் ஒண்டும் வேணாம். காத்துக்கொண்டிருக்கிற ஒரு ஆளைக் காட்டுங்கோ, காணும்."

காத்திருக்கிற ஆளைத் தேடி காலிதீன் எங்கே போக? வீட்டிலேயே இருந்தாள், அவன் ராத்தா றபீக்கா. அவள் புருஷன், காலிதீனின் மச்சான், கடலில் மௌத்தாகிப்போக, அவள் வெள்ளை உடுத்து உள்ளறையில் கைம்பெண்ணுக்குரிய இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அந்நிய ஆண் எவனும் அவளைப் பார்க்கக்கூடாது. கூடப்பிறந்த தம்பிக்கு அந்தத் தடை இல்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பவன் அவன்தான்.

அன்று தேத்தண்ணியோடு போனவன் அறை வாசலில் தொங்கிய சீலை ஓரத்திலேயே நின்றுவிட்டான். ராத்தா மச்சான் போடும் சேட்டு ஒன்றை மடியில் விரித்துப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். பிறகு கழற்றினாள். மறுபடியும் பூட்டினாள். முக்காடு தோளில் கிடந்தது. யன்னல் வெளிச்சம் முகத்தில். காலிதீன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கமராவை எடுத்துவந்தான்.

"என்னடா தம்பி, கிர்ரெண்டு சத்தம் கேக்குது?"

"கமரா ராத்தா. கிணத்தடியப் புடிக்கிறன்."

"அப்ப கெதியாப் புடி. பொழுது போகப்போகுது."

அவள் நம்பிச் சொன்ன அந்தச் சொல்தான் அவனைப் பிறகு தூங்கவிடாமல் அடித்தது.

படச்சுருளைக் கழுவ அனுப்பி, அது திரும்பிவரச் சில வாரம் போனது. வகுப்பறை யன்னல்களைச் சாத்திவிட்டுச் சுவரில் ஓட்டினார்கள். சுவரளவு பெரிதாக ராத்தாவின் முகம். ஒரு பொடியனும் அசையவில்லை.

"இதுதான் படம்" என்றார் மாஸ்டர். "பட்டறை முடியிற கடைசி நாள் ஊர்ச்சனத்துக்கு இதைத்தான் முதல்ல போடுவம்."

காலிதீனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பெருமையோடு பக்கத்தில் திரும்பினான். அடுத்த தெரு ஹமீட் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்ட ராத்தா இத்தாவிலயெல்லோ இரிக்கா? நாங்க பாக்கலாமாடா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தம்பியின் கண்ணுக்கு அந்த அறையில் இடமுண்டு. அந்தக் கண்ணை அவன் கமராவில் வைத்து ஒரு வகுப்புப் பொடியன்களிடம் கொடுத்துவிட்டான். படம் எவ்வளவு நல்லதென்று யார் சொன்னாலும் சரி, அது களவுதான்.

வீட்டுக்குப் போய்ச் சீலைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ராத்தா அழவில்லை, ஏசவுமில்லை.

"தல மூடியிருந்தனா?"

"இல்ல ராத்தா."

"போய் எடுத்துக்கொண்டு வா."

மாஸ்டர் லேசில் விடவில்லை. "இதை விட்டா உமக்குக் காட்ட வேற படமில்ல, காலிதீன். சனம் பாத்திட்டு மறந்திடும்."

"மறக்காது சேர். அதுக்காகத்தானே நல்ல படமெண்டு சொன்னீங்க."

மாஸ்டர் சுருளைப் பெட்டியோடு எடுத்து அவன் கையில் வைத்தார். கடைசி நாளில் மற்றவர்களின் படங்கள் ஓடின. காலிதீன் யன்னல் சாத்துவதும் திறப்பதுமாக நின்றான்.

ராத்தா சுருளை வாங்கி மச்சானின் சேட்டுப் பையில் வைத்து, சேட்டை மடித்துப் பெட்டகத்துள் போட்டாள். அவன் வழக்கம்போலத் தேத்தண்ணியோடு உள்ளே காலெடுத்து வைத்தான்.

"அங்கயே வெச்சிட்டுப் போ" என்றாள்.

வைத்தான். உள்ளேயிருந்து ஒரு கை வந்து கோப்பையை இழுத்துக்கொண்டது. இத்தா முடியும்வரை தன் ராத்தாவில் அவன் கண்டது அந்தக் கையைத்தான்.