டப்பாவின் அடியில் என் கையெழுத்து

"ஷார்ஜா. ஓணம் கழிந்த முதல் வெள்ளி. ஜின்சிக்கு."

ஒரு புரத மாவு டப்பாவின் அடியில், கறுப்பு மார்க்கரால் நான் எழுதிய குறிப்பு இது. இங்கே ஒரு சூப்பர்மார்க்கெட் கிடங்கில் நான் ஸ்டோர்கீப்பர். காலாவதித் தேதி பார்க்காமல் ஒரு பொருளையும் நகர்த்தக் கூடாத வேலை. அந்தப் பழக்கம் அறைக்கும் வந்துவிட்டது. வாங்குகிற எதன் அடியிலும் நாளையும் ஆளையும் எழுதிவிடுவேன். எங்கள் கட்டடத்தின் கீழே ஒரு ஜிம் இருக்கிறது. காலையில் அதன் குப்பைத் தொட்டியருகே மூடியோடு காலி டப்பாக்கள் கிடக்கும். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அவற்றைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. எங்கள் ஊர் அருமனைப் பக்கம் கல்ஃப் டப்பாவை யாரும் எறிவதில்லை. மாவு தீர்ந்தால் மிளகு, மிளகு தீர்ந்தால் புளி.

ஜின்சி என் அக்கா மகள். பளுதூக்குகிறாள். ரப்பர் பால் எடுக்கிற வீட்டிலிருந்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலைக்குப் போய்விடலாம் என்பது அவள் கணக்கு. மாநிலப் போட்டிக்குத் தேர்வானால் அந்தக் கதவு திறக்கும். அவளுக்காக மாவு வாங்கப் போனபோது கடையிலிருந்த எகிப்துக்காரர் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கா?" என்றார். அக்கா மகளுக்கு என்றேன். உடனே மெலிவதற்கான டப்பாவை எடுத்து நீட்டினார். "லேடி, ஸ்லிம்." இல்லை, அவள் உங்களையும் என்னையும் சேர்த்துத் தூக்குவாள் என்றேன். நகைச்சுவை என்று நினைத்து என் தோளில் தட்டிச் சிரித்தார். மெலிகிற டப்பாவைத் திருப்பிக் கொடுக்க நான் பட்ட பாடு தனி.

நான் படித்த வரையில் இந்த மாவில் மாயம் ஒன்றுமில்லை. சாப்பாட்டில் குறைகிற புரதத்தை அது ஈடுகட்டும், அவ்வளவுதான். முட்டையும் அயலை மீனும் சிறுபயறும் ஒழுங்காகக் கிடைத்தால் அதுவும் தேவையில்லை. பலம் இரும்பைத் தூக்கித் தூக்கி வருவது. இதை ஜின்சியிடம் போனில் பலமுறை சொல்லியிருக்கிறேன். "மாஸ்டர் வேற மாதிரியாக்கும் சொல்லுதாரு மாமா" என்பாள். மாஸ்டர் என்பது ஊரில் அவள் பயிற்சி எடுக்கும் ஜிம்மை நடத்துகிறவர். போன விடுமுறையில் நான் கொண்டுபோன டப்பா தீர்ந்த பிறகு மாஸ்டரிடமே அவள் வாங்க ஆரம்பித்தாள். சில மாதங்களில் தூக்கும் எடை மளமளவென்று ஏறியது. முகத்தில் பருக்கள் வந்தன, தூக்கம் கெட்டது. போட்டிப் பதற்றம் என்று அக்கா சொன்னாள்.

இந்த முறை விடுமுறையில் அவள் தூக்குவதைப் பார்க்க மாஸ்டரின் ஜிம்முக்குப் போனேன். மதிலோரம் டப்பாக்களில் பத்துமணிப் பூ. செடி நடத்தான் காலி டப்பாக்களை மாஸ்டர் எல்லோரிடமும் கேட்டு வாங்குகிறார் என்றாள் ஜின்சி. உள்ளே அலமாரியில், "அசல் கல்ஃப் சாதனம்" என்ற அட்டைக்குக் கீழே, டப்பாக்கள் வரிசையாக நின்றன. கை சும்மா இருக்குமா? ஒன்றை எடுத்து, தேதி பார்க்கக் கவிழ்த்தேன். ஓணம் கழிந்த முதல் வெள்ளி. ஜின்சிக்கு. என் கையெழுத்து. வாயில் புது ஃபாயில், உள்ளே முழுக்க மாவு.

"இது ஏது மாஸ்டர்?"

"கல்ஃபுலேருந்து வந்ததாக்கும் அண்ணே."

"கல்ஃபுலேருந்து கொண்டுவந்தது நானாக்கும். உள்ள என்ன சவத்தை ரொப்பி வச்சிருக்கீரு?"

அவர் சிறிதும் அசரவில்லை. "டப்பாயப் பாத்துத்தான வாங்குதாவ? அரபி எழுத்து இல்லாட்டி ஒருத்தனும் தொட மாட்டான். நீங்க ரெண்டு மாசம் நின்னுட்டுப் பிளேன் ஏறிப் போயிருவிய. நாங்கதான இங்க கெடக்கோம்."

அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்த யாரும் எடையைக் கீழே வைக்கவில்லை. என் ஆத்திரம் அந்த மனிதர்மேல் மட்டுமல்ல. வீட்டுக் கிணற்று நீரைச் சந்தேகப்பட்டுக் கொதிக்கவைக்கும் ஆட்களான நாங்கள், கடல் கடந்து வந்த தகர மூடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் முன்னால் மூளையைக் கழற்றி வைத்துவிடுகிறோம். அந்த மயக்கத்தை வருடாவருடம் பெட்டி கட்டிக் கொண்டுபோய் இறக்கியது எங்கள் கல்ஃப் கூட்டம்தான். அதை அந்த ஆள் மாவு ரொப்பி விற்கிறார்.

மாநிலப் போட்டிக்கான தேர்வு மறுவாரம். அதில் ஊக்கமருந்துச் சோதனை உண்டு. அந்தப் பருக்களும் கெட்ட தூக்கமும் மாவில் கலந்த மருந்தாலும் இருக்கலாம். ஜின்சி பெயரை விலக்கிக்கொண்டாள். அக்கா கத்தினாள்: "ஏட்டி, சோதனைன்னு சொல்லி ஒருத்தி வேலையையா விடுவா? எல்லாவனும்தான் இந்த மாவக் குடிக்கான்!"

"தூக்கினது நானா அந்த டப்பாயான்னு எனக்கே அறியாதும்மா. அறியாம எப்பிடி மேடையில ஏறட்டு?"



அலமாரியிலிருந்து எடுத்த டப்பாவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மாவைத் திருவனந்தபுரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துவிட்டு, காலி டப்பாவைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அது ஷார்ஜா அறையின் ஜன்னலில் நிற்கிறது. பக்கவாட்டில் அரபி எழுத்து, அடியில் என் தமிழ். திரும்பிவந்த நாளையும் அதன் கீழே எழுதினேன். யாருக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் மார்க்கர் நின்றுவிட்டது.

"முடிவு வந்துச்சா மாமா?" என்று ஜின்சி வெள்ளிதோறும் போனில் கேட்கிறாள். அவள் பயிற்சியை விடவில்லை. இப்போது வீட்டுக் கொல்லையில். வெறும் மாவுதான் என்றால், அந்த எடையெல்லாம் அவள் சொந்தமாகத் தூக்கியது. தேர்வை வீணாக விட்டிருக்கிறாள். மருந்து என்றால் அவள் விலகியது சரி. முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் அது இந்த டப்பாவைப் பற்றித்தான் சொல்லும். மாஸ்டரிடம் வாங்கி அவள் குடித்த டப்பாக்களில் என்ன இருந்தது என்பது, இதை எழுதும் இந்த வெள்ளிக்கிழமை வரை உறுதி செய்யப்படவில்லை.