முட்டி மடக்க இருபது நிமிடம்

ஜனவரியில் அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆனது. டெல்லி கரோல் பாக்கில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றினார்கள். அப்பா போய் நாலு வருஷம். தம்பி பெங்களூரில் புது வேலையில் சேர்ந்திருந்தான். மிச்சம் நான்தான். ஆபீஸில் கெஞ்சி, ஆறு வாரம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன்.

ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறப்பேன். மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் இட்லி, மாத்திரை, பாத்ரூம், ஐஸ் பை, மறுபடி மாத்திரை. வெயிலே வராத நாட்கள். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. உட்கார்ந்த இடத்திலேயே எனக்குக் கண் சொருகும்.

காலையில் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வருவாள். அவள் போன பிறகு மூன்று வேளை, வேளைக்கு இருபது நிமிடம், குதிகாலைப் படுக்கையில் இழுத்து இழுத்து அம்மா முட்டியை மடக்க வேண்டும். மடக்காவிட்டால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்று அந்தப் பெண் எச்சரித்திருந்தாள்.

"எத்தனை நிமிஷம் ஆச்சுட்டி?"

"மூணு."

"போதும், போதும். மத்தியானம் சேத்து செய்யுதேன்."

மத்தியானமும் மூன்று நிமிடம்தான். நாலாவது நாள் நான் கத்திவிட்டேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கவனத்தைத் திருப்ப ஏதாவது வேண்டும் என்று தேடும்போதுதான் அந்தப் பழைய இந்தி காமெடித் தொடர் போனில் கிடைத்தது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், மாடியில் ஒரு மாமா. வாரம் ஒரு சண்டை. முடியும்போது எல்லோரும் ஒரே சோபாவில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பகுதி இருபத்திரண்டு நிமிடம். டிவியில் போட்டேன். அது முடியும்வரை கால் நிற்கக்கூடாது என்று ஒப்பந்தம்.

என் பதின்மூன்றாவது வயதில் எங்கள் வீட்டில் அந்தத் தொடர்தான் எல்லாம். கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு டெல்லிக்கு மாற்றலாகி, திருநெல்வேலியிலிருந்து நான் நாலாம் வகுப்பு முடித்ததும் வந்தவர்கள். மாலை ஏழு மணிக்கு நாலு பேரும் டிவி முன்னால் இருப்போம். தொடரில் வரும் மூத்த மகளைப் போல நெற்றியில் முடி வெட்டிக்கொண்டு பள்ளியில் திட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் நாலு பேரில் பலமாகச் சிரித்தது அம்மாதான். அப்படித்தான் எனக்கு நினைவு.

இப்போது பார்த்தால் பாதி ஜோக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூத்த மகளின் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. அவளுடைய அப்பா ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிவிட்டு இரண்டு நொடி சும்மா உட்காருவார். கதைக்கு அது தேவையே இல்லை. எனக்கு அந்த இரண்டு நொடிதான் பிடித்தது.

அம்மா குதிகாலை இழுத்தபடி அடுத்த வசனத்தை முன்கூட்டியே சொன்னாள். முதலில் நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. மாமா வாயைத் திறக்கும் முன்னால் அம்மா முடித்துவிடுகிறாள்.

"எப்படிம்மா இதெல்லாம் ஞாபகம் இருக்கு?"

"இருக்கு," என்றாள். அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் ஒரு பகுதி வந்தது. பள்ளிக்கு அம்மா வரவேண்டாம் என்று மூத்த மகள் சொல்லிவிடுகிறாள். சரியாகப் பேசத் தெரியாத அம்மா, சிநேகிதிகள் முன்னால் அவமானம். அம்மாவின் கால் நின்றது.

"இழும்மா."

"இந்தக் கதை வந்த வாரந்தான் நான் உங்ககூட உக்காந்து பாக்கத விட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அம்மா டிவியைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்போ எனக்கு இந்தி எங்க தெரியும்? காய் வாங்க நாலு வார்த்தை. டிவில அவ்வளவு வேகமாப் பேசினா ஒரு எழவும் புரியாது. அதுக்குள்ள ஜனங்க சிரிக்கிற சத்தம் வரும்லா, அப்போ நானும் சிரிப்பேன். உங்க அப்பாவுக்கே தெரியாது. மாடி வீட்டுப் பிள்ளை ஒருநாள் உங்கூடப் பாக்க வந்தா. நீ அவகிட்ட இந்தில சொன்ன, எங்க அம்மாவுக்கு ஒண்ணும் புரியாது, டிவி சிரிச்சா சிரிப்பாங்கன்னு. ரெண்டு பேரும் சிரிச்சீங்க." குதிகாலை மறுபடி இழுக்க ஆரம்பித்தாள். "அது மட்டும் எனக்கு நல்லாப் புரிஞ்சுது."

"எனக்கு ஞாபகமே இல்லம்மா."

"உனக்கு எதுக்கு ஞாபகம் இருக்கணும்?"

அந்த நேரம் பார்த்து லேப்டாப்பில் மீட்டிங் அழைப்பு வந்தது. போகாமல் இருக்க முடியாது. முக்கால் மணி நேரம் யார் யாரோ பேசினார்கள். என் முறை வந்தபோது என்ன கேட்டார்கள் என்றே தெரியாமல், சரி, செய்கிறேன் என்றேன். அந்த மாடி வீட்டுப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை.

திரும்பிப் போனபோது அம்மா டீ கேட்டாள். போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "சாரிம்மா" என்றேன். தொடராக இருந்தால் இந்த இடத்தில் இசை வரும். அம்மா டீயை ஊதினாள்.

"அதுக்கப்புறம் என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"மறுநாள் காலைல பதினோரு மணிக்கு அதையே திருப்பிப் போடுவான்லா. நீங்க எல்லாரும் போனப்புறம் தனியா உக்காந்து பாத்தேன். அதுல வர்ற அம்மாக்காரி கொஞ்சம் நிறுத்திப் பேசுவா. அவ சொன்னத அப்படியே சொல்லிச் சொல்லிப் பாப்பேன். ரெண்டு வருஷம்." சட்டென்று சிரித்தாள். "மார்க்கெட்ல கொத்தமல்லி வாடியிருக்குன்னு அவள மாதிரியே இடுப்புல கை வச்சுக் கேட்டுட்டேன். கடைக்காரன் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, பாபிஜி, டிவிலேர்ந்து இறங்கி வந்தீங்களான்னு கேட்டான். அதுக்கப்புறம் அந்தக் கடைக்கே போகல."

நானும் சிரித்தேன். பதினொன்றாம் வகுப்பில் அம்மா எங்கள் டீச்சரோடு இந்தியில் சரளமாகப் பேசியதைக் கேட்டு, டெல்லியில் இருந்தால் தானாக வந்துவிடும் என்று நினைத்தவள் நான். தானாக ஒன்றும் வரவில்லை. காலியான வீட்டில், வேலைக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்திருக்கிறாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"உங்கிட்டயா?" என்றாள். கோபமில்லை. சோர்வுதான் இருந்தது. "சரி, ஐஸ எடுத்துட்டு வா. வீங்குது."

அதன்பின் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. பிப்ரவரி கடைசியில் முட்டி தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது. பிசியோ பெண் கைதட்டினாள். அம்மா தடியோடு பால்கனிவரை நடந்துபோய் நின்று, கீழே போகும் ரிக்‌ஷாக்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் முடிந்து நான் ஆபீஸ் போக ஆரம்பித்தேன். போக வர மெட்ரோவில் நின்றே இரண்டரை மணி நேரம். தொடரில் இன்னும் நிறைய பாக்கி. எனக்காகக் காத்திராமல் அம்மா தானே போட்டுப் பார்க்கிறாள். நான் வந்து தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும், இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பேன். திருநெல்வேலித் தமிழில் அம்மா சொல்லுவாள். மாமா ஏணியிலிருந்து விழுந்தது, சின்னவன் பரீட்சைத் தாளை ஒளித்தது, எல்லாமே. இந்தியில் சிரிப்பு வராத இடங்களில் அம்மா சொல்லும்போது வருகிறது. பெரும்பாலும் கதை முடியும் முன்பே எனக்குத் தலை சாய்ந்துவிடும். அம்மா என் கையிலிருந்து தட்டை எடுப்பது மட்டும் தெரியும்.