பிரேக் போட்டவன் முன்னால் நிற்கணும்

யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட லாரி அது. திருவொற்றியூரில் உப்பு மூட்டை லோடு அடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் பிரேக் பிடிக்காமல், டிரைவர் தன்னுடைய கிளீனரையே கிடங்குச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டார். அதற்கப்புறம்தான் எங்கள் பட்டறைக்கு வந்தது, டிரைவரின் புதுச் சட்டத்தோடு. பிரேக் வேலை செய்தவன் வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். அவர் ஓட்டிவந்து மிதிப்பார்.

நானும் என் கூட்டாளியும் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டோம். எனக்கு இடது. சக்கரத்தின் பிரேக் டிரம் துருவேறி ஒட்டிக்கிடந்தது. சம்மட்டியால் அடித்ததில் டிரம் கழன்றதோ இல்லையோ, என் கட்டைவிரல் நகம் கழன்றது. உள்ளே இருந்த ஸ்பிரிங் தெறித்து உதட்டைக் கிழித்தது. கூட்டாளி சிரித்தான். சிரிப்பவனைப் பார்த்தால், அவன் பக்கம் பிரேக் சிலிண்டர் ஒழுகி லைனிங்கெல்லாம் ஆயில்; மிதித்தால் வழுக்கும், பிடிக்காது. சொன்னேன். "உன் பக்கத்த பாருடா, கஸ்மாலம்" என்றான். ஸ்பேனரால் அவன் முட்டியில் ஒன்று போட்டேன். அவன் என் மயிரைப் பிடித்து மட்கார்டில் மோதினான். முன்பே சுமாரான முகம்தான், பெரிய நஷ்டமில்லை.

கூட்டாளி ஒழுகலோடே டிரம்மை மூடிவிட்டான். சோதனைக்கு உப்பு மூட்டை அடுக்கின் முன்னால் நின்றோம். செத்தால் அவன் பக்கம்தான் சாவு என்று கணக்குப் போட்டு, என் இடது சக்கரத்துக்கு நேராக நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். எந்தப் பக்கம் பிரேக் பிடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி இழுக்கும். மெக்கானிக்குக்கு இது தெரியாதா? தெரியும். லாரி என் பக்கம் திரும்பின பிறகு ஞாபகம் வந்தது.

பம்பர் என்னை மூட்டையோடு அழுத்தியது. விலா முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. மூட்டை பிய்ந்து, கிழிந்த உதட்டில் உப்புக் கொட்டியது.

டிரைவர் குனிந்து பார்த்தார். "உன்னுது சோக்கா புடிக்குது, நைனா." இவ்வளவு பாராட்டு நான் வாங்கினதேயில்லை. பிறகு கூட்டாளியின் கழுத்தைப் பிடித்துச் சக்கரத்துக்கு இழுத்துப்போனார். வலது டிரம்மை அவன் மறுபடி பிரித்து, சிலிண்டர் ரப்பரும் லைனிங்கும் மாற்றி முடிக்கும்வரை முதுகில் மிதித்துக்கொண்டே இருந்தார்.

மறுபடி சோதனை. என்னால் நிற்க முடியவில்லை என்றதும் மூட்டைமேல் உட்காரவைத்தார். கூட்டாளி என் கையைப் பிடித்துக்கொண்டான். லாரி நேராக வந்து, எங்களுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

டிரைவர் இறங்கவில்லை. கூட்டாளி நொண்டிக்கொண்டே ஏறிப் பார்த்தான். வண்டி நின்றும், செத்த கிளீனர் இன்னும் முன்னால் நிற்கிறாற்போல, அவர் கால் பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத்தான் அந்தக் காலை எடுக்க முடிந்தது.